குட்டையை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்

திருப்பதி
12 ஆகஸ்ட் 2024

யாமினிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் இந்தக் கவரைப் பிரிக்காமலேயே நீ குப்பையில் போட்டுவிடுவாய் என்று லேபில் என்னோடு இருக்கும் ஹரிபாபு சொல்கிறான். போடு. ஆனால் படித்துவிட்டுப் போடு. உன் போனுக்குப் பலமுறை அடித்தேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது எனக்கு உறைப்பதற்குச் சில நாட்கள் ஆயின. மெயிலுக்கும் பதில் இல்லை. சித்தூருக்கு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் உன் காலேஜ் வாசலில் நிற்கலாம்தான். மானம் இடம் கொடுக்கவில்லை, அதனால் தபால். தமிழில் எழுதுவதில் இன்னொரு வசதி, நம் டிபார்ட்மெண்டில் உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது.

விஷயம் இது. ஏழு வருஷமாக நான் கட்டி இழுத்துக்கொண்டிருக்கும் ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. வெளித் தேர்வாளர்களில் ஒருவர் பிரமாதம் என்று எழுதிவிட்டார். வடக்கே எங்கோ இருக்கும் இன்னொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: நான்காம் அத்தியாயத்தில் வரும் தீர்வு கரையருகிலும் பாசிட்டிவ்தான் என்பதற்கு நிரூபணம் எங்கே? இதற்குப் பதில் வந்த பிறகுதான் மேற்கொண்டு பேச முடியுமாம்.

நம் குட்டையை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும், நானே தெளிவாக யோசிப்பதற்காக எழுதுகிறேன். நீளமான ஒரு குட்டை, இரண்டு பக்கமும் கரை. கரையில் மீன் பூஜ்யம், அதுதான் எல்லை நிபந்தனை. உள்ளே மீன் பெருகுகிறது. கூட்டம் அதிகமானால் பெருக்கம் மட்டுப்படுகிறது. நாமோ மீன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு பிடித்துக்கொண்டே இருக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் குட்டை முழுக்க மீன் மிஞ்சுமா? மிஞ்சினால் அது பாசிட்டிவ் தீர்வு. சமன்பாட்டுக்கு ஏதோ ஒரு தீர்வு கிடைப்பது பெரிய காரியமில்லை. அது எல்லா இடத்திலும் பூஜ்யத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்பதுதான் நம் தலைவலி. அப்படி நிற்கிறது என்று சொல்லும் துணைத்தேற்றம் நீ போட்டது.

வெங்கடரமணன் சார் ஓய்வு பெற்று அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் கேட்டால், "யாமினி போட்டதுதானே, அவளையே கேளும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நெறியாளர் லட்சணம்.

டிசம்பர் முடிவதற்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் என் பதிவு காலாவதி. வருஷா வருஷம் புதுப்பிக்கும் இந்த ஒப்பந்த ஆசிரியர் வேலையும் அதோடு போய்விடும், பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதாக இல்லை. நான்காம் அத்தியாயம் விழுந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஐந்தும் ஆறும் விழும்.

பதிலை எதிர்பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. எதிர்பார்க்கிறேன்.

குமுதவல்லி

•

சித்தூர்
21 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய குமுதவல்லி மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்தேன். ஹரிபாபுவுக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியாது.

போன நவம்பரில், கேன்டீனில், எம்.எஸ்சி. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "யாமினி எழுதினதை நான் ரெண்டு தரம் பாத்தப்புறம்தான் நம்பணும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரம் நான் ஆய்வைப் பாதியில் விட்டு டிபார்ட்மெண்டிலிருந்து கிளம்பியதும், சம்பளத்துக்கு ஆசைப்பட்டுக் கணக்கை விட்டு ஓடிவிட்டாள் என்று நீங்கள் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இரண்டு தரம் பார்ப்பதாகச் சொன்ன நீங்கள் நான்காம் அத்தியாயத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இங்கே எனக்கு நேரம் இல்லை. பத்தாவது முடித்து வரும் இன்டர் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷமும் நான்தான் கணக்கு. காலையில் கங்காதர நெல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்தால் சாயங்காலம் வரை பாடம், அதற்குப் பிறகு என்ட்ரன்ஸ் பயிற்சி. ஆய்வேடு, துணைத்தேற்றம் என்ற சொற்களையெல்லாம் நான் கேட்டே வெகு காலம் ஆகிறது. அவற்றைப் பற்றி யோசிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் நெறியாளரையோ வேறு யாரையாவதோ அணுகவும்.

இப்படிக்கு,
யாமினி

படம் வரைவதற்கான நிரலில், மைனஸாக வரும் இடத்தையெல்லாம் பூஜ்யமாக்கும் ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தீர்களா?

•

திருப்பதி
28 ஆகஸ்ட் 2024

யாமினி,

யோசிப்பதில்லை என்று முடிவு செய்தவள் கையெழுத்துக்குக் கீழே எழுதிய இரண்டு வரிக்கு நன்றி. அந்த இரண்டு வரி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

எடுத்துவிட்டு ஓட்டினேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். கரையிலிருந்து கிளம்பியதும் கோடு நேராகக் கீழே போகிறது. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு சின்ன வளைவு வளைந்துவிட்டு, அப்புறம்தான் மேலே ஏறுகிறது. எதிர்க் கரையிலும் அதே கதை. இத்தனை வருஷமாக அந்த இரண்டு வளைவையும் உன் வரி மழமழவென்று சிரைத்துவிட்டு, எல்லாம் சுகம் என்று நமக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாமும் படத்தைப் பார்த்துவிட்டு நிரூபணம் எழுதியிருக்கிறோம். படத்தில் மேலே இருக்கிறதே, அப்புறம் கரையில் என்ன சந்தேகம் என்று இருந்துவிட்டோம். அந்த வரியை நீ ஏன் போட்டாய் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் இந்தக் கடிதமும் கடைசியாகிவிடும் என்பதால் கேட்காமல் விடுகிறேன்.

பயமாக இருக்கிறது, யாமினி. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு, சைவச் சமையல் மட்டும் நடக்கும் வீட்டில் ஒரு பெண் வருஷக்கணக்காக மீன் மீன் என்று சொல்வதே பிடிக்காது. அப்பாதான் அவளைச் சமாதானப்படுத்துவார். "மத்ஸ்யம் முதல் அவதாரம்டீ, பேசலாம், தப்பில்லை." கோயிலில் சேவை முடித்து வந்ததும் அங்கவஸ்திரத்தைக் கழற்றும்போதே, "உன் மீன் பொழைச்சுதா?" என்று கேட்பார். ஏழு வருஷமாக நான், பிழைத்துக்கொண்டிருக்கிறது அப்பா என்று பதில் சொல்லி வந்திருக்கிறேன். நேற்று பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். 

தேற்றமே பொய்யா, இல்லை நம் உதாரணம் மட்டும் பொய்யா? இதற்கு மட்டும் பதில் சொல். மற்றதைப் பற்றி என்னைத் திட்ட வேண்டுமென்றால் தனிக் காகிதத்தில் திட்டி அனுப்பு.

குமுதவல்லி

•

கங்காதர நெல்லூர்
7 செப்டம்பர் 2024

அக்கா,

தனிக் காகிதம் இல்லை, இதிலேயே திட்டிவிடுகிறேன்.

அந்த வரியைப் போடச் சொன்னது நீங்கள். கருத்தரங்குக்குச் சிறப்பு விருந்தினராக வந்த ஒரு அதிகாரி நம் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, மைனஸ் மீன் என்றால் குழம்பில் போட்டதா என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நீங்கள் முகம் சிவந்து மேடையிலிருந்து இறங்கி வந்து, இனிமேல் எந்தப் படத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்றீர்கள். வரியைப் போட்ட கை என்னுடையது. போடச் சொன்ன வாய் உங்களுடையது. இதோடு இதை விட்டுவிடலாம்.

இப்போது குட்டைக்கு வருகிறேன். உங்கள் படத்தை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தேன். இது இன்டர் முதல் வருஷ பிசிக்ஸ்தான் அக்கா. மலையில் உருளும் பந்துக்கு ஆற்றல் மாறாமல் இருக்குமே, அதுபோல நம் சமன்பாட்டிலும் நடுவிலிருந்து கரை வரை மாறாமல் வருகிற ஒரு அளவு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தால், நடு உச்சி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைவாக இருக்கவே முடியாது என்று தெரிகிறது. அந்த உயரத்தைத் தீட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி சரியாகத் தீட்டாவில் இருந்தால், கோடு கரையிலிருந்து தரையோடு தரையாகப் படுத்தபடி கிளம்பும். குட்டை அதைவிடக் கொஞ்சம் அகலமானாலும் அந்தத் தாழ்ந்த தீர்வுக்கு அகலத்தை நிரப்ப வழி தெரியாது. கரையோரம் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வரும். நமக்குக் கிடைத்தது அந்தத் தீர்வு.

ஆனால் அதே குட்டைக்கு, அதே பிடிப்புக்கு, இன்னொரு தீர்வு இருக்க வேண்டும். அதன் உச்சி நன்றாக உயரமாக இருக்கும். கரையிலிருந்து நிமிர்ந்து கிளம்பும். எங்கேயும் முழுகாது. நாம் அதைப் பார்க்காததற்குக் காரணம் வெங்கடரமணன் சாரின் பழக்கம். எந்தக் கணக்கையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், சின்ன எண்ணிலிருந்து தொடங்க வேண்டும், அப்போதுதான் கணிப்பொறி தடுமாறாது என்பார். நாம் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட காலிக் குட்டையிலிருந்து தொடங்கினோம். கணிப்பொறி முதலில் எதிர்ப்பட்ட தாழ்ந்த தீர்விலேயே உட்கார்ந்துவிட்டது.

குட்டையை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள். அது தாங்கக்கூடிய முழு அளவு மீனைப் போட்டுவிட்டு, மேலேயிருந்து இறங்கிப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். என்னிடம் கணிப்பொறி இல்லை. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்.

சம்பளத்துக்கு ஆசைப்பட்டு நான் வரவில்லை. போன நவம்பரில் நைனா தோப்பில் மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க அம்மா ஒருத்தியால் முடியவில்லை. இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

யாமினி

•

திருப்பதி
13 செப்டம்பர் 2024

யாமினி,

நின்றது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குட்டையை நிரப்பிவிட்டுத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கோடு கொஞ்சம் கீழே இறங்கியது. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போதும் போதும் என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு உயரத்தில் இறங்குவதை நிறுத்திக்கொண்டது. எத்தனை சுற்று ஓட்டினாலும் நகரவில்லை. சிரைக்கும் வரி இல்லாமல்தான், படம் இத்துடன் இருக்கிறது. இரண்டு கரையிலும் கோடு நிமிர்ந்து எழுகிறது, பூஜ்யத்துக்குக் கீழே ஒரு புள்ளி இல்லை. லேபில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஹரிபாபு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அப்பா வந்து கேட்டபோது, பொழைச்சுடுத்து என்றேன். அவர் பெருமாள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காபி கேட்டார்.

நைனா விழுந்ததை நீ சொல்லவே இல்லை. கேன்டீனில் நான் அப்படிப் பேசியபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார், இல்லையா? சொல்லியிருந்தால் நான் அப்படிப் பேசியிருப்பேனா என்று எழுத வந்தேன். பேசியிருப்பேன், என் வாய் அப்படிப்பட்டது. ஆனால் அன்றைக்கே உன் பின்னால் ஓடி வந்திருப்பேன். எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. உன் நைனாவை விசாரித்ததாகச் சொல்.

இன்னும் முடியவில்லை. படம் நிரூபணமாகாது, அதில் ஒரு தடவை சூடுபட்டது போதும். மேலேயிருந்து இறங்கும் கோட்டைக் கீழேயிருந்து தாங்க ஒரு தளம் வேண்டும். கொஞ்சம் குறுகிய குட்டையின் தீர்வை எடுத்து, இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டித் தளமாக்கலாம் என்று இரண்டு நாளாக முட்டினேன். நிற்கவில்லை. மீனே இல்லாத இடத்திலும் நாம் பிடித்துக்கொண்டே இருக்கிறோமே, அந்தப் பூஜ்யப் பகுதி தளமாக இருக்க மறுக்கிறது. இந்த மாதிரிக் கணக்குகளின் குணமே இதுதான் போலிருக்கிறது. வேறு எதைத் தளமாக வைப்பது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

போனில் பேசலாம் என்று சொல்ல மாட்டேன். பேசினால் நமக்குள் சண்டை வருகிறது, எழுதினால் கணக்கு வருகிறது. தபாலே இருக்கட்டும்.

குமுதவல்லி

•

கங்காதர நெல்லூர்
6 அக்டோபர் 2024

அக்கா,

காலாண்டுத் தேர்வு, அப்புறம் விடைத்தாள், அதனால் தாமதம். கோபத்தினால் இல்லை.

உங்கள் படம் வந்த அன்றைக்கு அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். இந்த ஒரு வருஷத்தில் நான் வீட்டில் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தானாம்.

உங்கள் தளம். நீங்கள் அதைக் கட்ட வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது. போன வாரம் வகுப்பில் இடைமதிப்புத் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு தொடர்ச்சியான கோடு இங்கே தாழ்வாகவும் அங்கே உயரமாகவும் இருந்தால், நடுவில் இருக்கிற எல்லா உயரத்தையும் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாக்பீஸால் அந்தக் கோட்டைப் பாதி வரைந்திருந்தேன், கை நின்றுவிட்டது. பிள்ளைகள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள்.

நாம் இதுவரை அகலத்தைக் கொடுத்துவிட்டு உச்சி எவ்வளவு என்று தேடினோம். திருப்பிக் கேளுங்கள். உச்சியை முதலில் வைத்துக்கொண்டு, அந்த உச்சிக்கு எவ்வளவு அகலக் குட்டை வேண்டும் என்று கேளுங்கள். உச்சி தீட்டாவில் இருக்கும்போது தேவைப்படும் அகலம் ஒரு சாதாரண எண். உச்சியை மேலே மேலே தூக்கிக் குட்டை தாங்கும் முழு அளவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தேவைப்படும் அகலம் எல்லையில்லாமல் போகிறது. நடுவில் எங்கேயும் அறுபடாமல் மாறுகிறது. நம் குட்டையின் அகலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே ஏதோ ஒரு உச்சிக்கு அது பொருந்தியே தீர வேண்டும். அந்த உச்சியுள்ள தீர்வு கரையிலிருந்து நிமிர்ந்து கிளம்புகிற பாசிட்டிவ் தீர்வு. மேலேயிருந்து இறங்கும் உங்கள் கோடு இதற்குக் கீழே போக முடியாது. தளம் இதுதான்.

மூன்று பக்கத்தில் முழுதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். துணைத்தேற்றத்தில் ஒரு நிபந்தனை மட்டும் கூடுகிறது, அகலம் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று. ஐந்தும் ஆறும் விழாது. பார்த்தேன்.

இந்தத் தடவை நிஜமாகவே இரண்டு தரம் பாருங்கள்.

யாமினி

•

திருப்பதி
16 டிசம்பர் 2024

யாமினி,

மூன்று தரம் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வர்க்கமூலத்தை விட்டிருந்தாய், போட்டுவிட்டேன். அதைத் தவிரக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்காதது எனக்கே ஏமாற்றம்.

அக்டோபர் கடைசியில் திருத்தி அனுப்பினேன். இன்று காலை பதில் வந்துவிட்டது. அந்த வடக்கத்திக்காரர் முழுத் திருப்தி என்று எழுதியிருக்கிறார். துணைத்தேற்றத்தின் கீழே, இது யாமினியுடையது என்று அச்சில் இருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.  இத்தனை மாதமாகத் தோளில் என்ன வைத்திருந்தேன் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிகிறது.

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, பொது வாய்மொழித் தேர்வு. பொது என்று பெயர் இருப்பதால் பார்வையாளர்களும் கேள்வி கேட்க வேண்டும் என்பது சம்பிரதாயம். நம் டிபார்ட்மெண்டில் அதை எப்படி நடத்துவோம் என்று உனக்குத் தெரியும். முதல் நாளே வேண்டியவர்களிடம் கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுவோம். ஹரிபாபுவுக்கு, இந்த ஆய்வின் சமூகப் பயன் என்ன என்ற கேள்வியைக் கொடுத்திருக்கிறேன். உனக்கு, இதே முறையை வேறு எங்கே பயன்படுத்தலாம் என்ற கேள்வி. நிறுத்தி நிதானமாகக் கேள். பதிலை நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

வருவாய்தானே? அம்மா புளியோதரை கட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறாள்.

குமுதவல்லி

•

திருப்பதி
1 பிப்ரவரி 2025

அடி யாமினி,

நீ செய்த காரியம் நியாயமா?

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய். இருந்தாலும் மேடையில் நின்றவளுக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஹரிபாபு சமூகப் பயனைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தான், நான் ஒப்பித்தேன். அடுத்தது நீ. கடைசி வரிசையிலிருந்து, பச்சைப் புடவையில், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் எழுந்தாய். நான் வாயில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நீயோ, "குட்டை வட்டமா இருந்தா என்ன ஆகும்? நடுவுலேர்ந்து கரைக்கு வர்ற வழியில அந்த மாறாத அளவு குறைஞ்சுகினே வருமே, அப்ப தீட்டாவை எங்க வைப்பீங்க?" என்று கேட்டாய். அதுவும் தமிழில். பிறகு நீயே அதைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் சொன்னாய்.

 எனக்குத் தெரிந்தது எல்லாம் நேர்க் குட்டை. வட்டத்தில் நம் பந்து உருளும்போதே ஆற்றலை இழந்துகொண்டு வரும் என்பது நீ கேட்ட அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் நான் சுற்றி வளைத்தாவது ஒரு பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நேற்று, தெரியாது என்றேன். மைக்கில் அது ரொம்பச் சத்தமாகக் கேட்டது. அப்பா முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன், வந்தது சிரிப்பு.

அந்த வடக்கத்தித் தேர்வாளர் என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நீ புளியோதரையைக்கூட வாங்காமல் ஓடிவிட்டாய். எல்லாரும் கைதட்டி முடித்து, பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அறிவித்த பிறகு, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது என் ஆய்வேட்டைப் பற்றி இல்லை. அந்தப் பெண் யாரிடம் ஆய்வு செய்கிறாள் என்று கேட்டார். யாரிடமும் இல்லை, இன்டர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ரொம்ப அநியாயம் என்றார். நான் ஆமாம் என்றேன். நான்காம் அத்தியாயத்தில் பெயர் இருக்கிறதே, அவள்தான் என்றேன். இதை எனக்காகச் சொல்லவில்லை, உன்னை மகிழ்விக்கவும் சொல்லவில்லை. கேட்டார், உண்மையைச் சொன்னேன்.

இன்று காலையில் கவலைப்பட ஒன்றும் இல்லாமல் விழித்துக்கொண்டே படுத்திருந்தேன். அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனிமேல் நான் நெறியாளராக விண்ணப்பிக்கலாம். ஆனால் உன்னை என் மாணவியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். நாம் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவோம். புதிதாக வந்திருக்கும் கன்னிகா மேடம் நல்லவர், பகுதிநேரமாகவும் சேர்த்துக்கொள்கிறார். சித்தூரை விட வேண்டாம், நைனாவை விட வேண்டாம். கட்டாயப்படுத்தவில்லை. யோசித்து எழுது.

குமுதவல்லி

•

கங்காதர நெல்லூர்
9 பிப்ரவரி 2025

அக்கா,

நீங்கள் தெரியாது என்று சொன்னபோது நான் கடைசி வரிசையில் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், உங்களுக்கு வேண்டியவர்களா என்று தெலுங்கில் கேட்டாள். ஆமாம், என் அக்கா என்றேன்.

உங்களை மாட்டிவிடுவதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததைக் கேட்கத்தான் எழுந்தேன். எழுந்து நின்றதும், இத்தனை மாதமாக பஸ்ஸில் என்னோடு வந்துகொண்டிருந்த கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது. அது இவ்வளவு தெளிவாக எனக்குள் உருவாகியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். கேட்டுவிட்டுப் பயத்தில்தான் ஓடினேன். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

டாக்டர் குமுதவல்லி என்று கவரின் மேல் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். கவரை வாங்கி அங்கேயே முகவரியை எழுதியபோது, போஸ்ட் ஆபீஸில் இருந்தவர் எட்டிப் பார்த்து இது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

கன்னிகா மேடத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாலைந்து நாளாகப் பதில் எழுத உட்கார்ந்து, முடியாது என்றும் எழுத வரவில்லை, சரி என்றும் எழுத வரவில்லை. நேற்று இரண்டாம் சனிக்கிழமை, காலேஜுக்கு விடுமுறை. கொல்லைப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வட்டக் குட்டையை எழுதிக்கொண்டிருந்தேன். நைனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த அய்யங்கார் பொண்ணு கணக்கு முடிஞ்சிச்சாம்மா?" என்றார்.

முடிந்துவிட்டது, அவர்களுக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு நீ இன்னும் எழுதிக்கினே கீறே?"

இது வேறு கணக்கு நைனா என்றேன்.

"யாருது?"

"என்னுது."

 நைனா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அம்மாவிடம் எனக்கு டீ போடச் சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உள்ளே நடந்து போனார். வரும் வாரம் கன்னிகா மேடத்தைப் பார்க்கத் திருப்பதி வருகிறேன்.

யாமினி